மூன்று மீட்டர் இடைவெளி

2020 ஜூலையில், கொரோனாவின் முதல் அலைக்கு நடுவே, மும்பையில் மூன்று வார்டுகளில் மக்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் ஆகிய பகுதிகளைக் கொண்ட வார்டுகள் அவை. மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு. ஏறத்தாழ 7,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். கிருமி ஒருவருக்கு எப்போதாவது தொற்றியிருந்தால் அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கும். காய்ச்சல் வந்ததே தெரியாதவர்களையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

குடிசைப் பகுதிகளில் 100 பேரில் 57 பேருக்கு அந்த ஆன்டிபாடி இருந்தது. அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 பேருக்கு இருந்தது. ஒரே நகரம், ஒரே ஊரடங்கு, ஒரே வைரஸ். பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவரோ ஒரு சாலையோதான். அந்தச் சாலையைக் கடந்தால் தொற்று மூன்றரை மடங்கு கூடுகிறது.

இப்படியொரு எண்ணைப் பார்த்ததும் பலரிடமிருந்து உடனே வரும் விளக்கம் ஒன்று உண்டு: அங்கே சுத்தம் இல்லை, விழிப்புணர்வு இல்லை, சொன்னால் கேட்கமாட்டார்கள். பணியிடங்களிலும் உறவினர் வீடுகளிலும் அந்த ஆண்டு முழுக்க நான் கேட்ட பேச்சு இது. இது தவறு மட்டுமில்லை, நோயைத் தடுக்க முடியாமல் செய்கிற தவறு. அதனால் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு நோயாளி எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பது மூன்று எண்களின் பெருக்கல். ஒரு நாளில் எத்தனை பேருடன் நெருங்கியிருக்கிறார். ஒருமுறை நெருங்கும்போது தொற்றும் வாய்ப்பு எவ்வளவு. எத்தனை நாள் பிறருக்குத் தொற்றவைக்கும் நிலையில் இருக்கிறார். கூட்டலாக இருந்தால் வேறு கதை. பெருக்கல் என்பதால் ஒவ்வொரு எண்ணும் ஒன்றரை மடங்கு ஆனாலே போதும், விடை மூன்று மடங்கைத் தாண்டிவிடும். மக்களின் மூடத்தனத்தைத் துணைக்கு அழைக்க இங்கே இடமே இல்லை.

முதல் எண்ணை எடுத்துக்கொள்வோம். மும்பைக் குடிசைப் பகுதியில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழ்வது வழக்கமான செய்தி. பெரும்பாலான வீடுகளுக்குள் கழிப்பறை கிடையாது. தெருக்கோடியில் உள்ள பொதுக் கழிப்பிடத்துக்குக் காலையில் வாளியோடு வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசையில் நிற்காமல் யாராலும் ஒரு நாளைத் தொடங்க முடியாது. தண்ணீருக்கும் வரிசை, ரேஷனுக்கும் வரிசை. ஊரடங்கு நாட்களில் வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் வீடு என்றால் குழாயும் கழிப்பறையும் உள்ளே இருக்கும் இடம் என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட அறிவிப்பு அது.

வேலையும் அப்படித்தான். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு என்ற நிலையில் உள்ளவர் லேசான காய்ச்சலோடு கிளம்பத்தான் செய்வார். அமெரிக்காவின் 10 பெருநகரங்களில் கைபேசி நடமாட்டத் தரவைக் கொண்டு 2020இன் தொற்றை ஆராய்ந்தவர்கள் கவனிக்கத்தக்க ஒன்றைக் கண்டார்கள். வருமானம் குறைந்த பகுதியினர் போகும் மளிகைக் கடையில், அதே பரப்புக்கு, ஒரு மணி நேரத்தில் வருபவர்கள் சராசரியாக 59 சதவீதம் அதிகம். வந்தவர்கள் கடைக்குள் நிற்கும் நேரமும் 17 சதவீதம் அதிகம். அவர்கள் கூடுதலாக ஊர் சுற்றவில்லை. அவர்களுக்குக் கிடைத்த கடை நெரிசலானது.

மும்பை எண்களில் இன்னொன்றும் இருந்தது. குடிசைப் பகுதியில் தொற்று அதிகம், ஆனால் தொற்றியவர்களில் இறந்தவர் விகிதம் குறைவாகவே கணக்கானது. அங்கே வாழ்பவர்கள் வயதில் இளையவர்கள் என்பது இதற்கு ஒரு முக்கியமான காரணம். முதியவர்களைக் கொல்லும் வைரஸாக அது இருந்ததால் வந்த விளைவு இது. இளைஞர்களையும் தேடிப்பிடிக்கும் கிருமி ஒன்று அதே நகரத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அது காசநோய். ஏழைக் குடியிருப்பின் கட்டமைப்பு நோயாக மாறுவதைக் காட்ட அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஏழைக் குடியிருப்புகளில் ஏன் நோய் அதிகம் என்ற கேள்வி பழையது. பிரெஞ்சு மருத்துவர் லூயி-ரெனே வில்லெர்மே, 1817 முதல் 1821 வரையிலான பாரிஸ் நகர இறப்புக் கணக்கை வைத்துக்கொண்டு, அதன் 12 வட்டாரங்களில் சிலவற்றில் மட்டும் சாவு ஏன் அதிகம் என்று தேடினார். கெட்ட காற்றும் ஈரமும் நோய் தருகின்றன என்று நம்பிய காலம் அது. ஆற்றுக்கு எது பக்கம், எது மேடு, எது பள்ளம், காற்று எங்கிருந்து வீசுகிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. வட்டாரத்தில் எத்தனை வீடுகள் வரி விதிக்க முடியாத அளவுக்குக் குறைந்த வாடகை கொண்டவை என்ற பட்டியலை வைத்தபோது பொருந்தியது. கிருமி என்ற ஒன்றே தெரியாத காலத்தில், வாடகைச் சீட்டு மரணத்தைச் சொன்னது.

மும்பைக்கு அந்தப் பாடம் 1896இல் வந்தது. செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். அழுக்கான இடத்தின் மண்ணிலும் சுவரிலும் நோய் குடியிருக்கிறது என்று அரசு நம்பியது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கூரையைப் பிரித்தார்கள், மனிதர் வாழத் தகுதியற்றது என்று சுவர்களில் முத்திரை குத்தினார்கள். 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. நெரிசலான பகுதிகளை இடித்து, கடல்காற்று நகருக்குள் நுழைய அகலச் சாலைகள் போட்டது. காற்று வேண்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் இடித்த வேகத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டவில்லை. பெயர்க்கப்பட்டவர்கள் வேலைக்கு அருகிலேயே இருந்தாகவேண்டும் என்பதால் பக்கத்துத் தெருக்களின் ஒற்றை அறைகளில் போய் அடைந்தார்கள். ஒரு தெருவில் காற்று வந்தது, அடுத்த தெருவில் நெரிசல் கூடியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைச் சுமக்கின்றன என்பது அந்தக் காலத்தின் ஆராய்ச்சிகளிலேயே உறுதியானது. அதற்குள் இடிப்பு வெகுதூரம் போய்விட்டது.

இனி பெருக்கலின் இரண்டாவது எண், தொற்றும் வாய்ப்பு. காசநோய்க்கு அதில் காற்று எவ்வளவு முக்கியம் என்பது 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிரூபணமானது. வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி ஆகியோர் ஒரு மருத்துவமனையில் ஆறு படுக்கை கொண்ட காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே ஓர் அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கினிப் பன்றிகள். நோயாளியை அவை பார்த்ததுமில்லை, தொட்டதுமில்லை; அந்தக் காற்றை மட்டுமே சுவாசித்தன. அவற்றுக்குக் காசநோய் வந்தது. புறஊதாக் கதிரின் ஊடே அனுப்பிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை.

நோயாளி இருமும்போது, பேசும்போது, பாடும்போது வெளிவரும் சிறுதுளிகள் ஈரம் உலர்ந்து, கிருமியைச் சுமந்த நுண்துகள்களாகச் சுருங்குகின்றன. கனமான துளிபோல அவை கீழே விழுவதில்லை. மூடிய அறையில் ஊதுபத்திப் புகை தங்குவதுபோல மணிக்கணக்கில் மிதக்கும். நோயாளி எழுந்து போன பிறகும் அறை தொற்றவைக்கும். எனவே அந்த அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்பதே கேள்வி. பெருவின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளை அளந்து 2007இல் வெளியான ஆய்வு இதை எண்ணாக்கியது. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்தால் மணிக்குச் சராசரியாக 28 முறை காற்று மாறியது. எல்லாவற்றையும் மூடினால் ஒன்றரை முறைகூட அரிது. 12 முறை மாற்றும் இயந்திரம் பொருத்திய நவீன அறைகளைவிட, 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய வார்டுகளில் தொற்று அபாயம் மிகக் குறைவு என்று கணக்கு வந்தது. நம் ஊர்ப் பழைய அரசு மருத்துவமனைகளின் நீள வராந்தாக்களையும் ஆளுயர ஜன்னல்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், அவற்றைக் கட்டியவர்கள் மீது மரியாதை கூடுகிறது.

இனி மும்பையின் கிழக்கே உள்ள கோவண்டி, மான்குர்த் பகுதிக்கு வருவோம். சாலை விரிவாக்கம், ரயில் பாதை எனப் பல திட்டங்களுக்காக நகரின் வேறு வேறு மூலைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடிசைவாசிகளுக்கு அங்கே மாடிக் குடியிருப்புகள் கட்டித் தந்தார்கள். லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி. ஓட்டைக் கூரையிலிருந்து கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிப்பறை, கையில் பட்டா போன்ற ஒரு தாள். கிடைத்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் கட்டடங்களுக்கு நடுவே விட்ட இடைவெளி ஏறக்குறைய மூன்று மீட்டர். வழக்கமான குடியிருப்புக்குக் கட்டாயமாக இருக்கும் திறந்தவெளி விதிகள், குடிசைவாசிகளுக்கான வீடு என்பதால் தளர்த்தப்பட்டிருந்தன. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு எதிரே மூன்று மீட்டரில் இன்னொன்று நின்றால், கீழ்த்தள ஜன்னலைத் திறந்தாலும் வெயில் வராது, காற்று நகராது. மேலிருந்து குப்பை விழுவதால் பலர் ஜன்னலை மூடியே வைக்கிறார்கள். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவர் அமைப்பும் ஐ.ஐ.டி. மும்பையும் அங்கே வீடுவீடாகக் கணக்கெடுத்து, கட்டடங்களுக்குள் காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் கணித்தன. 2018இல் வெளியான முடிவு: இந்த இரண்டு காலனிகளிலும் 100 பேரில் எட்டு முதல் பத்துப் பேர் வரை காசநோய்க்கு ஆளானவர்கள். அருகிலேயே, கட்டடங்களுக்கு நடுவே தாராளமாக இடம்விட்டுக் கட்டிய பி.எம்.ஜி.பி. காலனியில் அது ஏறத்தாழ ஒருவர். வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தளங்களில் நோய் கூடுதலாக இருந்தது.

இதைக் கட்டடம் மட்டுமே செய்தது என்று அடித்துச் சொல்ல இந்த ஆய்வால் முடியாது. யார் எங்கே குடியமர்த்தப்பட்டார்கள், யாருக்கு வேலை போனது என்பதும் உள்ளே கலந்திருக்கிறது. ஆனால் மாடிக்கு மாடி வேறுபாடு தெரிகிறபோது, பழக்கவழக்கம் என்ற விளக்கத்துக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. இரண்டாம் மாடியில் இருப்பவரும் ஆறாம் மாடியில் இருப்பவரும் ஒரே குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்களாகவே இருக்கலாம். அவர்களுக்குக் கிடைத்த காற்று வேறு.

நகரம் நெரிசலாக இருப்பது வேறு, அறை நெரிசலாக இருப்பது வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பணக்காரர்களின் 40 மாடிக் கோபுரத்திலும் ஒரு ஏக்கருக்கு ஏராளமான மக்கள் உண்டு. ஆனால் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஜன்னல். சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்ற கணக்கு நோயைப் பற்றிச் சொல்வது சொற்பம்.

காற்றில் நடப்பது கொசுவிலும் நடக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் லாரேடோ, ஆற்றுக்கு மறுகரையில் மெக்சிகோவின் நுவேவோ லாரேடோ. 1999இல் இரண்டு ஊரிலும் டெங்கு பரவியபோது ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் இருந்தது அமெரிக்கப் பக்கம். அண்மையில் டெங்கு தொற்றியவர்கள் அங்கே 1.3 சதவீதம், கொசு குறைவாக இருந்த மெக்சிகோ பக்கம் 16 சதவீதம். வேறுபாட்டைப் பெரும்பாலும் உண்டாக்கியவை குளிர்சாதன வசதியும், அதனால் மூடியிருந்த கதவு ஜன்னல்களும். கொசு இருந்தது, மனிதனைக் கடிக்க வழி இல்லை. நம் நகரங்களில் இது தலைகீழ். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது. அந்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் முட்டையிடும். விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் இறங்கும்போது விரிசல் வழியே சாக்கடை உள்ளே கசிகிறது. டைஃபாய்டும் வயிற்றுப்போக்கும் அந்த வழியில் வருகின்றன. தேங்கிய தண்ணீரை அகற்றுங்கள் என்று அறிவிப்புப் பலகை வைக்கிற மாநகராட்சிதான் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் தரவேண்டிய மாநகராட்சியும்.

கிருமி உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். காசநோய்க் கிருமி தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆவோர் ஐந்து முதல் பத்து சதவீதம்தான். மற்றவர்களின் உடல் அதை அடக்கிவைத்துவிடுகிறது. அடக்கும் சக்தியைக் குலைப்பவற்றில் இந்தியாவில் முன்னே நிற்பது பசி. ஜார்க்கண்டில் மாதவி பார்கவாவும் அனுராக் பார்கவாவும் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், 2,800 காசநோயாளிகளின் வீட்டார் 10,000க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசிக்கு நிகராகப் பேசவேண்டிய எண் இது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயைக் கண்டறிந்த அன்றே எடையையும் மூச்சையும் பார்த்து, உடல் மிக நலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. பசியை ஒரு மருத்துவ அறிகுறியாக அரசு அமைப்பு ஏற்றுக்கொண்டதற்கு நல்ல முன்னுதாரணம்.

இனி பெருக்கலின் மூன்றாவது எண், காலம். இதில் உலகத்துக்கே பாடம் சொன்னது சென்னை. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானடோரியத்தில்: ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். மறு பிரிவு தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் குணமானோர் விகிதம் ஏறத்தாழ சமம். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. சானடோரியங்களின் யுகத்தை முடித்துவைத்த ஆய்வு இதுதான். அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

வீடு முக்கியம் என்று இவ்வளவு தூரம் சொன்னபின் இந்த முடிவு முரண்போலத் தோன்றலாம். உண்மையில் இது படத்தை முழுமையாக்குகிறது. மருந்து தொடங்கிய பிறகு நோயாளி தொற்றவைப்பது விரைவில் குறைந்துவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்றியது பெரும்பாலும் அதற்கு முன்பே. கண்டறியப்படாத ஒரு காசநோயாளி ஓராண்டில் ஐந்து முதல் பதினைந்து பேருக்குத் தொற்றவைக்கக்கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இருமலுக்கு முதலில் மெடிக்கல் ஷாப் சிரப், பிறகு தெருமுனை கிளினிக்கில் ஊசி, அதற்கும் கேட்காமல் வேறு டாக்டர் என்று கழியும் வாரங்கள்தான் அந்தக் காலம். அரைநாள் கூலியை விட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கமுடியாதவருக்கு அது மாதங்களாக நீளும். காற்றில்லாத அறை அந்த மாதங்களைப் பெருக்கித் தருகிறது.

நோயைத் தேடிப் போவதற்கு எங்கே போகவேண்டும் என்று தெரியவேண்டும். அமெரிக்காவில் 14 மாநிலங்களில் 2010 முதல் 2012 வரை ஃப்ளூவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் முகவரியை வறுமை வரைபடத்தோடு பொருத்தியதில், வறுமை மிகுந்த வட்டாரங்களில் லட்சம் பேருக்கு 21.5, வறுமை குறைந்தவற்றில் 10.9 என்று வந்தது. வீட்டு முகவரி ஒன்றே போதுமானதாக இருந்தது. நம் நகரங்களில் நோய்க்கணக்கு பெரும்பாலும் வார்டுவாரியாகவே வெளியாகிறது. ஒரு வார்டில் 57உம் 16உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, வார்டின் சராசரி இரு தரப்பில் யாருடைய நிலையையும் சொல்லாது. தெரு அளவில், கட்டட அளவில், தளத்தின் அளவில் எண்கள் வெளிவரவேண்டும். சென்னைக்கும் இது பொருந்தும். கண்ணகி நகரிலும், தரைத்தளத்தோடு எட்டு அடுக்குகளாக எழுந்த பெரும்பாக்கத்திலும் நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் வாழ்கிறார்கள். அங்கே தளவாரியாகக் காசநோயைக் கணக்கெடுக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

மும்பையில் இப்போது அடுத்த பெரிய பெயர்ப்பு தொடங்கியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகப் போனவர்களின் சந்ததியும் சேர்ந்து வாழும் தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்தில், தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். தகுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்களை நகரின் வேறு இடங்களுக்கு அனுப்பவேண்டும். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவனார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் இருக்கிறது. அது கோவண்டியை ஒட்டிய நிலம். சதுர அடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் எத்தனை மீட்டர், கீழ்த்தள அறைக்கு டிசம்பர் மாதத்தில் எத்தனை மணி நேரம் வெயில், ஜன்னலைத் திறந்தால் மணிக்கு எத்தனை முறை காற்று மாறும் என்பவையும் குடியேறப் போகிறவர்கள் கேட்டுப் பெறவேண்டிய எண்கள். லல்லுபாய் காம்பவுண்டில் கட்டி முடித்து மக்கள் நோயுற்ற பிறகு செய்த அதே கணினிக் கணிப்பை, தேவனாரில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே செய்து வெளியிட எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.